லாரியில் வரும் சுவர்

புத்தூர் வட்டாரக் கல்லூரிகளில் என்.சி.சி. உடுப்பு அணியும் தம்பி, தங்கைகளுக்கு,

உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த மடல். நேராக வேலையைச் சொல்லிவிட்டால் 'இதை ஏன் நாங்கள் செய்ய வேண்டும்?' என்று கேட்பீர்கள். கேட்கவும் வேண்டும். ஆகவே கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் ஒரு சுவர் லாரியில் ஏறி ஊர் ஊராகப் போகிறது. வியட்நாம் போரில் இறந்த, காணாமல் போன அந்நாட்டுப் படையினரின் பெயர்கள் பொறித்த சுவர். மூலச் சுவர் வாஷிங்டனில் 1982-இல் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்த மாயா லின் அப்போது கல்லூரி மாணவி, போட்டியில் அவர் வென்றபோது வயது 21. குதிரையில் வீரன், உயர்ந்த தூண், கையில் துப்பாக்கி எதுவும் கிடையாது. தரைக்குள் இறங்கும் கறுப்புக் கல், அதன்மேல் 58,000-க்கும் அதிகமான பெயர்கள், அவ்வளவுதான். திறப்பு விழாவுக்குப் போயிருந்த ஜான் டெவிட் என்ற முன்னாள் வீரர், இங்கே வர முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்திருக்கிறார். நண்பர்களோடு சேர்ந்து பாதி அளவில் ஒரு நகலைச் செய்தார். 1984-இல் அது ஊர் சுற்றக் கிளம்பியது. பிறகு 1996-இல், மூலச் சுவரை எழுப்பிய அமைப்பே தன் பங்குக்கு ஒரு நகலை அனுப்பத் தொடங்கியது. 'ஆற்றும் சுவர்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். இன்று அது முக்கால் அளவில் இருக்கிறது. 375 அடி நீளம். 53 அடி நீள லாரி ஒன்றில் அடுக்கிக்கொண்டு வருகிறார்கள்.

அமெரிக்காவில் மகன் வீட்டில் நான் தங்கியிருந்த சமயம், பக்கத்து ஊர் மைதானத்துக்கு அந்தச் சுவர் வந்திருந்தது. இரவு பகலாகத் திறந்திருக்கும் என்பதால், கூட்டம் குறையட்டும் என்று சாப்பாட்டுக்குப் பிறகு போனோம். கூட்டம் குறையவில்லை. நாற்காலி வண்டியில் கிழவர்கள், தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இளம் தம்பதிகள், சீருடையில் சாரணர் சிறுவர்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. பேசக் கூடாது என்ற பலகையும் இல்லை.

பெயர்கள் அகர வரிசையிலோ பதவி வரிசையிலோ இல்லை, இறந்த தேதியின் வரிசையில் இருந்தன. ஒரே நாளில் விழுந்தவர்கள் ஒரே இடத்தில். அதிகாரி, சிப்பாய் என்ற மேல் கீழ் கல்லில் தெரியாது. தேடுகிற பெயர் எந்தப் பலகையில், எத்தனையாவது வரியில் என்று பார்த்துச் சொல்லத் தொண்டர்கள் உண்டு. தாளும் பென்சிலும் கொடுக்கிறார்கள். பெயரின்மேல் தாளை வைத்து மெல்லத் தேய்த்தால் எழுத்து தாளில் ஏறிவிடும், மடித்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். நான் சும்மா நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து, என் வயதுள்ள ஒரு தொண்டர் வந்து கேட்டார்: "யாரைத் தேடுகிறீர்கள்?" வேடிக்கை பார்க்க வந்தவன் என்று சொல்ல வாய் வரவில்லை. வேறு நாட்டுக்காரன் என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, அப்படியானால் லாரியின் பக்கம் போய்ப் பாருங்கள் என்றார்.

அங்கே போனதில்தான் இந்த மடலே பிறந்தது. லாரியை வெறும் பாரவண்டியாக விட்டுவைக்கவில்லை, அதையே ஒரு சின்னக் காட்சிக்கூடம் ஆக்கியிருந்தார்கள். அதன் பக்கவாட்டுத் திரையில், சுவர் இப்போது வந்து நிற்கிற அந்த வட்டாரத்திலிருந்து போய் இறந்தவர்களின் படங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அடுத்த ஊருக்குப் போனால் அந்த ஊர்க்காரர்களின் படங்கள் வரும். பள்ளிக்கூட ஆண்டுமலரிலிருந்து எடுத்த முகங்கள், மீசை அரும்பாத முகங்கள். ஒரு படம் வரும்போது கூட்டத்தில் எங்கோ ஒருவர், "அவன் எங்கள் தெருக்காரன்" என்றார்.

இதே லாரி புத்தூர் நால்ரோட்டைத் திணறித் திணறிக் கடந்து பிஷப் ஹீபர் கல்லூரி மைதானத்தில் வந்து நின்றால், அந்தத் திரையில் யார் யார் படம் வரும்?

திருவரங்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மூலவர் இடம்விட்டு நகர மாட்டார். படியேற முடியாத கிழவிக்காகவும், பிள்ளை பெற்று வீட்டோடு இருப்பவளுக்காகவும் தெருவுக்கு வருகிறவர் உற்சவர். வாஷிங்டன் சுவருக்கும் லாரிச் சுவருக்கும் உள்ள உறவு அதுதான். ஆனால் உற்சவர் தெருவுக்கு வரும்போது வாசல் தெளித்துக் கோலம் போட்டு வைப்பது தெருக்காரர்கள் வேலை.

நம் மூலவர் டெல்லியில் இருக்கிறார். இந்தியா கேட் அருகே 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகம். வட்டத்துக்குள் வட்டமாக நான்கு வளையங்கள். அவற்றில் தியாகச் சக்கரம் என்ற வளையத்தின் சுவர்களில், விடுதலைக்குப் பிறகு உயிர்நீத்த 25,000-க்கும் மேற்பட்ட படையினரின் பெயர்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு கருங்கல் பட்டை. அதை வடிவமைத்தது சென்னைக்காரர் யோகேஷ் சந்திரஹாசனின் குழு. உலக அளவிலான போட்டியில் வென்ற வடிவம். நம் ஊர்ப் பக்கம் இந்தச் செய்தி அவ்வளவாகப் பேசப்படவில்லை என்பது எனக்குக் குறைதான்.

அங்கிருந்து உற்சவரும் ஒருமுறை புறப்பட்டார். 1971 போரின் பொன்விழாவுக்காக, 2020 டிசம்பர் 16 அன்று அந்த நினைவகத்தின் அணையா விளக்கிலிருந்து நான்கு தீப்பந்தங்களை ஏற்றி நான்கு திசைக்கும் அனுப்பினார்கள். தெற்கே வந்தது தமிழ்நாட்டுக்கும் வந்தது. அந்தப் போரில் பரம்வீர், மகாவீர் சக்கரங்கள் பெற்றவர்களின் ஊர்களிலிருந்து மண் எடுத்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் பந்தம் வந்த இடங்களில் பெரும்பாலும் மேடை, வாத்தியம், வரவேற்பு. பெயர்களைத் தேடி வந்தவர்களுக்கு அங்கே தாளும் பென்சிலும் இல்லை.

என் மனதுக்கு நெருக்கமான பயணம் வேறொன்று. பெங்களூரைச் சேர்ந்த உமேஷ் கோபிநாத் ஜாதவ் என்ற இசைக்கலைஞர், 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமா தாக்குதலில் இறந்த 40 சி.ஆர்.பி.எஃப். வீரர்களின் வீடுகளையும் தேடித் தன் காரிலேயே கிளம்பினார். அரசு அனுப்பவில்லை. கையில் பணமும் பெரிதாக இல்லை, பல இரவுகள் காரிலேயே தூங்கியிருக்கிறார். ஒவ்வொரு வீட்டிலும் பிடி மண் வாங்கிக் கலசத்தில் சேர்த்து, 61,000 கிலோமீட்டர் ஓட்டி, தாக்குதல் நடந்து சரியாக ஓராண்டு கழித்துப் புல்வாமா லெத்போரா முகாமில் ஒப்படைத்தார். அந்த 40 பேரில் இருவர் தமிழர்கள். தூத்துக்குடி மாவட்டம் சவலாப்பேரி சுப்பிரமணியன் ஒருவர். அரியலூர் மாவட்டம் கார்குடி சிவச்சந்திரன் மற்றவர். சிவச்சந்திரனின் உடல் நம் திருச்சி விமான நிலையத்துக்குத்தான் வந்து இறங்கியது. உங்களில் பலர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள்.

நினைவுச் சின்னம் ஊர்விட்டு ஊர் போவதை அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததாக எண்ணிவிடாதீர்கள். தொல்காப்பியம் நடுகல்லுக்குச் சொல்லும் படிகள் ஆறு: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேர்ந்து, எடுத்து, நீருக்குக் கொண்டுபோய் நீராட்டி, அதன் பிறகுதான் நடுவது. நம் மரபில் கல் முதலில் பயணம் போகும், பிறகுதான் நிற்கும். சிலப்பதிகாரத்துச் செங்குட்டுவன் இமயத்தில் கல்லெடுத்துக் கங்கையில் நீராட்டிக் கண்ணகிக்காக வஞ்சி வரைக்கும் கொண்டு வந்தான். கனக விசயர் தலையில் ஏற்றிய கல் அது. தோற்றவர்கள் தலையில் சுமத்தியதை இன்று நாம் பாராட்ட வேண்டியதில்லை. எனினும் கல் வந்த தூரத்தை எண்ணிப் பாருங்கள்.

நடுகல்லில் எனக்குப் பிடித்தது அதன் எழுத்து. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், என்ன சண்டை, செத்தவன் பெயர் என்ன என்று சின்னக் கல்லில் சொல்லிவிடுவார்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் உண்டு. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற நாய், பெயர் கோவிவன். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிவைத்த ஊர் நம்முடையது.

இப்போது காந்தி மார்க்கெட்டுக்குப் போய்வாருங்கள். காய்கறி லாரிகளுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவில் முதல் உலகப்போர் நினைவுச் சின்னம் ஒன்று நிற்கிறது. அந்தப் போர் முடிந்ததும் ஆங்கிலேய அரசு ஊர் ஊராகக் கல் வைத்தது. சென்னை மாகாணத்துக் கிராமங்களில் இன்றும் பார்க்கலாம். இந்த ஊரிலிருந்து பெரும்போருக்குப் போனவர்கள் இத்தனை பேர், அவர்களில் உயிர் கொடுத்தவர்கள் இத்தனை பேர் என்று பெரும்பாலும் ஒரே அச்சு வாசகம், எண் மட்டும் மாறும். கல் இருக்கிறது, கணக்கு இருக்கிறது, ஆள் இல்லை. நூறு வருடமாக அதன் நிழலில் கடை போட்டவர்களில், அந்தக் கணக்குக்குள் தன் கொள்ளுத்தாத்தா இருப்பது தெரியாதவர்கள் எத்தனை பேரோ.

கடல் கடந்தும் இதே கதைதான். இன்றைய இராக்கில், அன்றைய மெசபடோமியாவில் போரிட்டு இறந்து புதைத்த இடம் தெரியாத 40,000-க்கும் அதிகமானோருக்காகப் பாஸ்ராவில் ஒரு நினைவகம் எழுப்பினார்கள். ஆங்கிலேயச் சிப்பாய்க்கு அங்கே பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். மற்ற இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் பெயரும் அதன்கீழ் ஓர் எண்ணும். மதராஸ் சாப்பர்கள், கர்நாடிக் காலாட்படைக்காரர்கள் எல்லாம் பாடுபட்ட களம் அது. அந்த நினைவகமும் ஒருமுறை பயணம் போனது. 1997-இல் சதாம் உசேன் உத்தரவால் துறைமுகத்திலிருந்து பெயர்த்தெடுத்து 32 கிலோமீட்டர் தள்ளி, நசிரியா சாலையில் பாலைவனத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் இந்தப் பாரபட்சத்தை ஒப்புக்கொண்டு 2021-இல் மன்னிப்புக் கேட்டது. முதல் உலகப்போரில் இறந்தவர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை, அதற்கு மேலும் லட்சத்துக்கு மேற்பட்டோருக்குப் பெயரே பதியவில்லை என்று அதன் அறிக்கையே சொல்கிறது.

இந்த இடத்தில் உங்களில் ஒருவர் எழுந்து, 'எந்தப் போர் நியாயம், எது அநியாயம் என்று பார்க்காமல் எல்லாருக்கும் மாலை போடச் சொல்கிறீர்களா?' என்று கேட்பார் என்று நம்புகிறேன். யாருமே கேட்காவிட்டால்தான் எனக்குக் கவலை.

அந்த அமெரிக்கச் சுவர் இதற்குச் சொன்ன பதில் எனக்குப் பாதி பிடித்தது. வியட்நாம் போரை அந்நாட்டு மக்களில் பாதிப் பேர் வெறுத்தார்கள். திரும்பி வந்த வீரர்களை வரவேற்க ஆளில்லை. நமக்கும் அப்படி ஒன்று உண்டு. 1987-இல் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை. இந்தப் பக்கம் ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் சென்னைக்கு வந்தபோது, தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க வரமாட்டேன் என்று முதல்வர் கருணாநிதி மறுத்துவிட்டார். அவர் சொன்னதிலும் பொருள் இருந்தது. யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் 1987 அக்டோபரில், தீபாவளி சமயத்தில், அந்தப் படை சுட்டதில் மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் இறந்தார்கள். அதே படையில் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பையன்களும் இருந்தார்கள், செத்தார்கள். அவர்களுக்கு முதலில் பெயர் பொறித்த பெரிய நினைவகம் எழும்பியது கொழும்பு அருகே, இலங்கை அரசின் கையால். டெல்லிக் கல்லில் பெயர் ஏற இன்னும் பத்தாண்டு ஆயிற்று.

சுவருக்கு ஒரு குறை உண்டு, அதை மறைக்க மாட்டேன். எந்தச் சுவரும் ஒரு பக்கத்துப் பெயர்களைத்தான் தாங்கும். வாஷிங்டன் சுவரில் வியட்நாமியர் ஒருவர் பெயர்கூட இல்லை. டெல்லிச் சுவரில் யாழ்ப்பாணத்துத் தாதியின் பெயர் இல்லை. ஆனால் பெயர் தெரிந்தால்தான், இவன் ஏன் போனான், யார் அனுப்பினார்கள், யாரோடு சண்டை, அங்கே செத்தவர்கள் யார் என்ற கேள்விகள் வரிசையாக வரும். எண்ணைப் பார்த்து யாரும் கேள்வி கேட்பதில்லை.

நம் ஊரில் பெயர் மறக்கப்படாமல் இருப்பவர் மேஜர் மாரியப்பன் சரவணன். பீகார் ரெஜிமென்ட் முதல் பட்டாலியன். 1999 மே 29 அன்று கார்கில் போரில் படாலிக் பகுதியில் வீழ்ந்தார். ஒரு மாதத்துக்கு மேல் அவர் உடலை மீட்க முடியவில்லை, எதிரியின் குண்டு எட்டும் மலைச்சரிவில் கிடந்தது. இறந்த பிறகு வீர் சக்கரம். கண்டோன்மென்ட் பகுதியில் அவர் நினைவிடம் இருக்கிறது, சாலைக்கும் அவர் பெயர். ஆண்டுதோறும் மலர்வளையம் வைக்கிறார்கள். இதெல்லாம் முறையாக நடக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் அந்தப் போரில் இந்தியா 527 பேரை இழந்தது. மாவட்டம் மாவட்டமாகப் பிரித்துப் பாருங்கள், மேஜருக்குக் கிடைத்தது நாயக்குக்கும் ஹவில்தாருக்கும் கிடைத்ததா என்று தெரியும். 'அமரன்' படம் வந்த பிறகு மேஜர் முகுந்த் வரதராஜனைத் தெரியாத பிள்ளை இல்லை. அவர் வீழ்ந்த சோபியான் மோதலில் அவரோடு இறந்த வீரரின் பெயரைக் கேட்டால் எத்தனை பேர் சொல்வீர்கள்?

கிராமத்தில் உடல் வந்து இறங்கிய மறுநாள் வைக்கும் ஃபிளெக்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூலையில் தபால்தலை அளவுக்கு இறந்த பையன், மிச்சமெல்லாம் கைகூப்பிய பிரமுகர்கள். ஒரு மழையோடு அது கிழிந்துபோகும், தார்ப்பாயாக யாராவது வீட்டுக் கூரைக்குப் பயன்பட்டால் நல்லது.

இனி வேலைக்கு வருகிறேன்.

பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து போய் இறந்த படையினர் அனைவரின் பெயர்ப்பட்டியல் ஒன்று வேண்டும். இன்றைய மாவட்டம் மட்டும் போதாது. கரூர், பெரம்பலூர், அரியலூர் எல்லாம் அன்று நம்மோடு இருந்தவை, தாள்களில் அப்படித்தான் இருக்கும். இரண்டு உலகப்போர்களுக்கும் காமன்வெல்த் ஆணையத்தின் பதிவேடு இருக்கிறது. காசு கொடுக்காமலே தேடலாம். பாஸ்ராவில் கல்லில் ஏறாத பெயர்கள்கூட அந்த ஏட்டில் இருக்கின்றன. பல இந்தியச் சிப்பாய்களுக்கு அப்பா பெயர், ஊர், தாலுகா வரைக்கும் எழுதியிருக்கும். திருச்சினாப்பள்ளி என்பதை அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் போட்டுத் தேடுங்கள். விடுதலைக்குப் பிந்தையவர்களுக்குத் தேசியப் போர் நினைவகத்தின் பட்டியல். விடுபட்டதை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மரியாதையாகக் கேட்டால் வழி சொல்வார்கள். துணைராணுவத்தினருக்குப் பட்டியல் தனி. அவர்களை மறந்துவிடாதீர்கள், கார்குடிப் பையன் அந்தக் கணக்கில்தான் வருகிறார்.

பெயர் கிடைத்ததும் ஊருக்குப் போங்கள். இருவர் இருவராகப் போங்கள், அதில் ஒருவராவது தங்கையாக இருக்கட்டும். விதவையோ தாயாரோ பேச ஆள் தேடுவது பெண்பிள்ளையிடம்தான். சீருடையில் போகாதீர்கள். சீருடையில் இரண்டு பேர் வாசலில் வந்து நின்ற நாள் ஒன்று அந்த வீட்டில் ஏற்கெனவே உண்டு. 'எப்படிச் செத்தார்' என்று தொடங்க வேண்டாம், அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். என்ன படித்தார், என்ன விளையாட்டு, விடுப்பில் வந்தால் முதலில் யார் வீட்டுக்குப் போவார் என்று கேளுங்கள். படம் கொடுத்தால் அங்கேயே கைப்பேசியில் பிரதி எடுத்துக்கொண்டு அசலை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். ஒரே ஒரு படம் மட்டும் உள்ள வீடுகள் நிறைய. பேச மனமில்லை என்றால் காப்பி குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். முதல் உலகப்போர்ச் சிப்பாய்களுக்குப் படம் கிடைக்காது. பெயரும் ஊரும் கிடைத்தாலே பெரிய காரியம்.

சேர்த்ததை என்ன செய்வது? கல் வெட்டுவதற்கு முன் கையால் தூக்கிப் போகக்கூடிய பலகைகளில் எழுதி, நீங்களே ஊர் ஊராகக் கொண்டுபோங்கள் என்பது என் யோசனை. முசிறி, லால்குடி, துறையூர், மணப்பாறை, பிறகு ஆற்றைத் தாண்டித் திருவரங்கம். பெரியாஸ்பத்திரிக்கு எதிரே இரண்டு நாள் வைத்தால்கூட எத்தனையோ கிராமத்து ஆட்கள் பார்த்துவிடுவார்கள், காத்திருப்பது தவிர அங்கே அவர்களுக்கு வேறு வேலை இல்லை. தேதி வரிசையில் எழுதுங்கள், பதவி சின்ன எழுத்தில் இருக்கட்டும். பக்கத்தில் காகிதமும் பென்சிலும் வையுங்கள். பிழை என்று யாராவது சொன்னால் அங்கேயே திருத்துங்கள். கல்லைப் போலன்றிப் பலகைக்கு இருக்கும் வசதி அது. எந்தப் பிரமுகரின் படமும் வேண்டாம், என்னுடைய பெயரும் வேண்டாம்.

ஒரு சிக்கல் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயர்கள் தலைகீழாகக் கிடக்கும். ஒரு பாளையம் மூன்று விதமாக இருக்கும், ஒரு நல்லூர் வேறொரு நல்லூராகியிருக்கும். நான் ரயில்வே தபாலில் கடிதம் பிரித்தே காலத்தை ஓட்டியவன். 56 ஏ.பி.ஓ. என்ற ஒரே முகவரிக்கு இந்த மாவட்டத்துத் தாய்மார்கள் எழுதிப்போட்ட கடிதங்களும், அங்கிருந்து அரைகுறை முகவரியோடு திரும்பிவந்த கடிதங்களும் என் கைவழியே போயிருக்கின்றன. எந்தக் கிறுக்கல் எந்த ஊர் என்று எனக்கு ஓரளவு தெரியும். என்னோடு வேலை பார்த்தவர்கள் சிலரும் இங்கேதான் இருக்கிறார்கள், மாலையில் உய்யக்கொண்டான் கரையில் நடக்க வருவார்கள். புரியாத ஊர்ப் பெயர்களைத் தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள், எங்களுக்குக் கண் மங்கிவிட்டது. டிசம்பர் 7 கொடிநாளுக்குள் முதல் தாலுகாவையாவது முடிக்கப் பார்ப்போம். லால்குடியில் தொடங்கலாம்.

இப்படிக்கு,
புத்தூரிலிருந்து,
ஓய்வுபெற்ற தபால்காரன் ஒருவன்